பேர் வேண்டாம், கழுத்து போதும்

அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. என் தம்பி மனைவி சமையலறைத் தரையில் மண்டியிட்டு, தலையில் ஹெல்மெட்டோடு குனிந்து தரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "இன்னும் ரெண்டு நிமிஷம் அண்ணி. பாலை நீங்க பாத்துக்குங்க." அடுப்பை அணைத்தது நான்தான், வழக்கம்போல.

அவள் வேலை கழுத்து. ஹெலிகாப்டரில் பறப்பவர்களுக்கு ஏன் கழுத்து வலிக்கிறது என்று கண்டுபிடிக்க, கணினிக்குள் எலும்பும் தசையுமாக ஒரு கழுத்தைக் கட்டியிருக்கிறாள். மூன்று வருட உழைப்பு. இருட்டில் பார்க்க உதவும் கண்ணாடி ஹெல்மெட்டின் முன்னால் தொங்கும்; அதற்கு ஈடாகப் பின்னால் ஓர் எடைப் பை. "நேரா பாக்குற பைலட்டுக்கு அந்தப் பை உதவி அண்ணி. கதவோரம் மண்டி போட்டு, குனிஞ்சு கீழே ஆளைத் தேடறவருக்கு அதுவும் சேர்ந்து பாரம்." வீட்டு ஹெல்மெட்டுக்கு அந்தப் பையைத் தைத்துக் கொடுத்தது இந்தத் தையல்காரி.

தெருவில் போகிறவர்களைப் பின்னாலிருந்து "சார்" என்று கூப்பிடுவாள். அவர் திரும்பியதும் "ஒண்ணுமில்ல சார்" என்று நடையைக் கட்டுவாள். "தோளோட திரும்பறார் பாத்தீங்களா? கழுத்து போச்சு." மானம் போவது என்னவோ எனக்கு.

ஆனால் பறப்பவர்கள் வாய் திறப்பதில்லை. வலி என்று சொன்னால் பறக்க விடாமல் உட்கார வைத்துவிடுவார்களே. ஒருவராவது வலிக்கும் இடத்தைக் காட்டினால்தான் கணினிக் கழுத்து சொல்வது மெய்யா என்று தெரியும். இல்லாவிட்டால் மூன்று வருடமும் பரணுக்கு. அவர்களின் மேலதிகாரியிடம் மல்லுக்கட்டி, யார் பெயரையும் எழுதக் கூடாது என்று கையெழுத்தே வாங்கிவிட்டாள்.

அவர்களிடம் கேட்கப் போன அன்று, பை தைத்தவள் என்ற உரிமையில் நானும் ஹெலிகாப்டர் கொட்டகைக்குப் போனேன். பதினோரு பேர். மடிக்கணினியை மூடியே வைத்திருந்தாள்; திரையில் இருக்கும் இடத்தை முதலில் காட்டினால் அதையே சொல்லிவிடுவார்களாம். "எனக்கு உங்க பேர் வேண்டாம், கழுத்து போதும். எங்க வலிக்குது?"

"நல்லாத்தானே இருக்கு," என்றார் ஒருவர். மற்றவர்கள் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்வரிசையில் மூத்தவர், கதவோரம் இருபது வருடம் மண்டியிட்டவர். கல்லுளிமங்கன் என்றுதான் அங்கே அவருக்குப் பெயர். அவள் வீட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். அத்தனை பேர் முன்னால் சிமெண்ட் தரையில் மண்டியிட்டுக் குனிந்தாள். ஒரு நிமிடம், மூன்று, ஐந்து. எழவில்லை.

நாத்தனார் வாயில் நல்ல வார்த்தை வராது என்பார்கள். எழுதிக்கொள்ளுங்கள்: "என் தம்பி பொண்டாட்டி" என்று பக்கத்தில் நின்றவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

மூத்தவர் எழுந்தார். "போதும், எழுந்திரும்மா. உனக்கும் வலி வந்துடப் போகுது." அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். காலரை இறக்கி, இடப்பக்கம், மண்டைக்குச் சற்றுக் கீழே விரலை வைத்தார். "இங்க. ஆறு வருஷமா."

அவள் மடிக்கணினியைத் திறந்து அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். திரையில் இருந்த கழுத்தில் சிவந்திருந்தது அதே இடம். அவர் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு, கழுத்தில் வைத்த விரலை எடுக்காமலே, மறு கையால் மற்றவர்களைக் கிட்டே வரச் சொன்னார்.