வெள்ளை சிமெண்ட் கோலம்

வாடகைக்கு வீடு கேட்டுப் போன பன்னிரண்டாவது வாசலில்தான் அந்தக் கேள்வி வந்தது. அதற்கு முந்தைய பதினொரு வீடுகளில் கேட்டதெல்லாம் எனக்கு மனப்பாடம். கல்யாணம் ஆச்சா, குடிப்பியா, கூட்டாளிகள் வருவார்களா, நீங்க என்ன ஆளுங்க. எல்லாவற்றுக்கும் பவ்யமான பதில் தயாராக வைத்திருந்தேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இதில் பாதி தயார் செய்திருந்தால் பாஸாகித் தொலைத்திருப்பேன்.

திருமுல்லைவாயில் ஸ்டேஷனிலிருந்து கால்மணி நேரம் நடந்தால் வரும் தெரு அது. பகலிலும் சத்தம் இருக்காது. யாராவது குக்கர் வைத்தால் எத்தனை விசில் என்று தெரு முழுக்க எண்ணலாம். ஒரு காலத்தில் அந்தத் தெருவே வீட்டுக்கார அக்காவின் மாமனார் நெல் போட்ட நிலமாம். இப்போது மாடியில் அக்கா தனியாக இருக்கிறார், கீழே ஓர் அறையும் சமையலறையும் வாடகைக்கு. அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பால்கனியில் நின்றபடியே என்னை எடை போட்டார்.

"பேச்சலருக்கு உடறதில்லப்பா."

"நான் குடிக்க மாட்டேன்க்கா. ஃபிரண்ட்ஸ் யாரும் வரமாட்டாங்க. வேணும்னா கறி மீன்கூட..."

"குடிச்சா உன் ஒடம்பு, எனக்கு இன்னா? வாசல்ல யாரு கோலம் போடுவா? போன தபா இருந்த பொண்ணு அஞ்சு மணிக்கெல்லாம் எழுந்து போட்டுகினு இருந்துச்சு. ஆம்பள நீ போடுவியா?"

"போடுவேன்க்கா."

என் வாய் அப்படித்தான். மூளை எழுந்து பல் விளக்குவதற்குள் அது வேலைக்குக் கிளம்பிப் போய்விடும்.

அக்கா விரலை நீட்டினார்.

"ஒரு நா வாசல் மொட்டையா இருந்துச்சுன்னு வையி, மறுநா மூட்டைய கட்டிக்கினு போய்க்கினே இருக்கணும். சர்தானா?"

சரி என்றேன். நான் டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி ஒருவரிடம் கையாள். அப்போது அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஓர் அறையில் ஆறு பேர், மூன்று பாய். நைட் ஷிஃப்ட் ஆள் கிளம்பினால்தான் எனக்குப் பாய் கிடைக்கும். காலையில் அவன் திரும்பி வந்ததும் காலாலேயே என்னை உருட்டிவிட்டுப் படுத்துக்கொள்வான். இரண்டு வருஷம் அடுத்தவன் வியர்வையில் தூங்கியவனுக்கு, தனி அறைக்காக வாசலில் கோலம் என்ன, கரகமே ஆடலாம்.

முதல் நாள் ஃபோனில் ஒரு வீடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் ஓர் அம்மா, "ரொம்ப ஈஸி" என்று சொல்லிக்கொண்டே தாமரை போட்டார். அவர் விரலிலிருந்து மாவு நூலாக இறங்கியது. என் விரலிலிருந்து மணல் லாரி கொட்டியது.

எதிர் வீட்டில் ஒரு பெரியவர். திருநெல்வேலிக்காரர், ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். விடியற்காலையிலேயே கேட்டுக்கு முன்னால் மடக்கு நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்துவிடுவார். பேப்பரைவிட என் வாசலில்தான் அவருக்குச் செய்தி அதிகம்.

"தம்பி, இன்னைக்கு என்ன பிராணிடே?"

"தாமரை சார்."

"தாமரைக்கு எதுக்குடே மீசை?"

மறுநாள் வேறு விசாரணை. "நேத்து நண்டுக்கு எட்டுக் காலு இருந்துச்சே. இன்னைக்கு ஏழுதான் இருக்கு. ஒண்ண யாரு தின்னா?"

உள்ளே இருந்து அவர் மனைவி, "பாவம், அந்தப் பிள்ளைய விடுங்களேன்" என்பார். அவர் விடமாட்டார். நானும் விடச் சொல்லவில்லை. அந்தத் தெருவில் என்னைக் கண்டதும் கேட்டைச் சாத்தாத ஒரே ஆள் அவர்தான்.

கோலம்கூடப் பரவாயில்லை, ஐந்து மணிதான் என்னைக் கொன்றது. நாள் முழுக்க டைல்ஸ் பெட்டி சுமந்தவன் ஐந்து மணிக்குக் குனிந்தால் அப்படியே கோலத்தின் மேலேயே தூங்கிவிடுவான். ஒருநாள் தூங்கியும் இருக்கிறேன். கன்னத்தில் பாதித் தாமரையோடு வேலைக்குப் போனேன். மேஸ்திரி கேட்டதற்கு, சுவருக்குப் பூசுகிற பட்டி பட்டுவிட்டது என்று சொன்னேன்.

மூன்றாவது வாரம் எனக்கு மூளை வேலை செய்தது. எனக்கு மூளை வேலை செய்யும்போதெல்லாம் யாராவது தடுத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா ஷேர் ஆட்டோ பிடித்துத் திருவேற்காடு கோவிலுக்குப் போனார். நான் வேலைக்குப் போகாமல், டைல்ஸ் இடுக்கில் அடைக்கிற வெள்ளை சிமெண்டைப் பசையோடு குழைத்து, மெல்லிய பிரஷ்ஷால் கேட்டுக்கு வெளியே சிமெண்ட் தரையில் ஒரு கோலம் வரைந்தேன். தினமும் காலையில் அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீர் தெளித்தால் போதும், புதிதாகப் போட்ட மாதிரியே இருக்கும். ஒருநாள் உழைப்பு, ஆயுசுக்கும் தூக்கம்.

எதிரே பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோலமாடே போடுத? ஹைவேஸ்காரன் ரோட்டுல கோடு போடுத மாதிரில்லா இருக்கு."

"சார், அக்காகிட்ட சொல்லிடாதீங்க சார்."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்? எனக்கும் பொழுது போவணும்லா."

அவர் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து அக்காவுக்கே சந்தேகம் வந்தது.

"இன்னாப்பா, தெனிக்கும் அதே கோலமா?"

"எங்க ஊர்ல அப்டிதான்க்கா. ஒரு கோலத்த ஆரம்பிச்சா ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளைக்கு அதையேதான் போடணும். ஊட்டுக்கு நல்லது."

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு எந்த ஊரும் கிடையாது. பிறந்தது பூந்தமல்லி.

இருபத்திரண்டு நாள் ராஜா மாதிரி தூங்கினேன்.

இருபத்து மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குச் சொம்போடு வெளியே வந்தேன். எதிர் வீட்டில் அழுகைச் சத்தம். கேட்டுக்கு முன்னால் நாற்காலி இல்லை. நாலைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். பெரியவர் விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள்.

நான் சொம்போடு அப்படியே நின்றேன். தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் துடைப்பமும் வாளியுமாக வந்த பெண்கள், விஷயம் தெரிந்ததும் கோலம் போடாமல் உள்ளே திரும்பினார்கள். எதிரில் பிணம் கிடக்கும்போது யாரும் கோலம் போடமாட்டார்கள். தெரு முழுக்க வெறும் வாசல். என் வாசலில் மட்டும் பளீரென்று கல்யாண வீடு.

மேலிருந்து அக்காவின் குரல். "டேய்! எதிர் ஊட்ல எழவு வுயுந்து கீது, நீ கோலம் போட்டு வச்சிக்கினு நிக்கிறியா? அழிடா மொதல்ல!"

காலால் தேய்த்தேன். துடைப்பத்தால் தேய்த்தேன். ஒரு வாளித் தண்ணீரைச் சாய்த்தேன். அழுக்கெல்லாம் போய் இன்னும் வெள்ளையானது.

கோலம் இல்லாவிட்டால் வீடு போகும் என்றுதான் எனக்குத் தெரியும். கோலம் இருந்து வீடு போகும் என்று கனவிலும் நினைக்கவில்லை. அக்கா துக்கத்துக்குப் போகத் தயாராக உள்ளே போன நேரம் பார்த்து, சிமெண்ட் சாக்கு இரண்டைக் கொண்டுவந்து மேலே விரித்தேன். சாமியானா போட வந்தவர்களிடம், "அண்ணாத்தே, சேரெல்லாம் எங்க வாசல்லயும் போட்டுக்கோங்க" என்று பெரிய மனதோடு சொல்லி, முதல் நாற்காலியைச் சாக்கின் மேல் போட்டு நானே உட்கார்ந்தேன்.

அதன்பிறகு நான் எழுந்திருக்கவே இல்லை. ஏழு மணியிலிருந்து மத்தியானம் மூன்று மணி வரை. ஒருவர் டீ கொடுத்தார். இன்னொருவர் தோளைத் தட்டி, "ரொம்ப வேண்டியவராப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். காலையில் அது பொய்யாகத்தான் இருந்தது. பத்து மணிக்கு மேல் எதிர் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் எப்போது அது பொய் இல்லாமல் போனது என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தபோது, சாமியானாத் தூசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னிடமே பொய் சொல்கிற அளவுக்கு நான் தேறியிருந்தேன்.

மூன்று மணிக்குப் பெரியவரைத் தூக்கத் தயாரானார்கள். பெங்களூரிலிருந்து வந்த மகன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நின்றார். வண்டி தெருமுனையில் நின்றிருந்தது. அதுவரை பாடையைச் சுமக்க வேண்டும். மூன்று பேர் தோள் கொடுத்தார்கள். மற்றவர்களெல்லாம் வயதானவர்கள், முதுகுவலிக்காரர்கள்.

"தம்பி, நீ வாப்பா. எளந்தாரிப் பையன்."

நான் எழுந்தால் நாற்காலியை எடுப்பார்கள். நாற்காலியை எடுத்தால் கூட்டத்தின் காலில் சாக்கு போகும். எதிரே அக்கா நின்றிருந்தார். எட்டு மணி நேரம் உட்கார்ந்து காப்பாற்றிய வீடு. கால் மரத்துவிட்டது என்று சொன்னால் நம்பியிருப்பார்கள். நிஜமாகவே மரத்தும் இருந்தது.

எழுந்து போனேன். நொண்டிக்கொண்டே தோள் கொடுத்தேன். நான் நினைத்ததைவிட அவர் கனம் குறைவாக இருந்தார். இரண்டடி வைப்பதற்குள் பின்னால் சாக்கு சரசரவென்று இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. பக்கவாட்டில் அக்காவின் முகம் மட்டும் தெரிந்தது. அவர் கண் தரையில் இருந்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பி, தெருக்குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தேன். அக்கா மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"எத்தினி நாளா?"

"இருவத்திரெண்டு நாள்க்கா."

"மண்டலம்னியேடா கய்தே! நா தெருவெல்லாம் சொல்லி வச்சிக்கீறேன். மூணாவது ஊட்டுக்காரி அவ மருமவள தெனிக்கும் ஒரே கோலத்த போடச் சொல்லி உசுர வாங்கிக்கினு கீறா!"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். "காலி பண்ணிடறேன்க்கா."

"காலி பண்ணிட்டு? நாளிக்கு யாரு போடுவா? என்னால குனிய முடிஞ்சா உன்ன மாரி ஆள எதுக்குடா ஊட்ல வைக்கறேன்? முட்டி ரெண்டும் போயி நாலு வருசமாவுது. குனிஞ்சேன்னா தூக்கி நிறுத்த ஆளு வேணும்."

அவர் ஏன் எப்போதும் பால்கனியிலிருந்தே பேசுகிறார் என்று நான் யோசித்ததே இல்லை. அதிகாரம் என்று நினைத்திருந்தேன்.

"நீ மட்டும் அந்தச் சேர்லயே குந்திக்கினு இருந்திருந்தா, இந்நேரம் உன் மூட்ட ரோட்டுல கெடக்கும்" என்றார். "தோளு குடுத்த. அதால பொயச்ச. போயி உளி எடுத்துகினு வா. அது பூரா பேரணும்."

இரண்டு நாள் கொத்தினேன். மூன்றாம் நாள் மேஸ்திரியிடம் திட்டு வாங்கிக்கொண்டே தரையைப் புதிதாகப் பூசினேன். அதற்கடுத்த நாளிலிருந்து ஐந்து மணி, குனிவு, மணல் லாரி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் விடியற்காலை எதிர் கேட் திறந்தது. பெரியவரின் மனைவி நின்றிருந்தார்.

"தம்பி, வாசல் வெறிச்சுன்னு கிடக்கு. எனக்குப் போடக் கை வரல. ரெண்டு கோடு இழுத்துட்டுப் போறியா?"

"எனக்கு ஒழுங்கா வராதும்மா."

"தெரியும். ஜன்னல் வழியா தினமும் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்."

மாவுக் கிண்ணத்தோடு தெருவைக் கடந்தேன். ஒரு வாசலுக்கே சோம்பல்பட்டு சிமெண்ட் குழைத்தவனுக்கு இப்போது இரண்டு வாசல். முட்டி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். எப்படியோ அன்று கோடு மெல்லிசாக விழுந்தது. அந்த அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பின்னால் பால்கனியிலிருந்து சத்தம் வந்தது.

"டேய்! அந்த ஊட்டுக்கு மட்டும் கோடு நேரா வருதா? வாடக எனக்குத்தானடா குடுக்கற?"