வயிற்றின் மேல் ஒரு கை

டிரம்பெட்டை இரண்டு கையாலும் பிடித்துத்தான் ஊத வேண்டும். இடது கை தாங்கும், வலது கை விரல்கள் பொத்தான்களை அழுத்தும். பேண்டு செட்டில் சேரும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் ராயபுரத்தில் எங்கள் செட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் சில வருடங்களாக ஒரே கையில்தான் ஊதினேன். இடது கையை வயிற்றின் மேல் வைத்து, மார்பை நிமிர்த்தி, தலையைக் கொஞ்சம் சாய்த்து. ஜனங்கள் போனில் படம் பிடித்தார்கள். "மாமு, செம ஸ்டைலு மாமு!" என்று விசிலடித்தார்கள். இரண்டாவது டிரம்பெட் ஊதும் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, அவனும் வயிற்றில் கை வைத்து ஊத ஆரம்பித்தான். அவனைப் பார்த்து மூன்றாவது ஆள். பிறகு காசிமேட்டில் வேறொரு செட்டிலும் இதே கூத்து. அட பாவிகளா, அது ஸ்டைல் இல்லை. கையை எடுத்தால் என் வயிறு வெளியே வந்துவிடும்!

தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. பகலில் நான் விம்கோ நகரில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்பவன். அங்கே இரும்பைத் தூக்கும்போதுகூட அது தலைகாட்டாது. உச்ச ஸ்வரத்தை இழுத்துப் பிடிக்கும்போது மட்டும் வரும், ஊதி முடித்தால் உள்ளே போய்விடும். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

மறைத்ததற்குக் காரணம் இருக்கிறது. என் அப்பாவும் முதல் டிரம்பெட்காரர்தான். அவருக்கும் இதே வந்தது. அந்தக் காலத்து ஆபரேஷனில் நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரைக்கும் கிழித்துத் தைத்தார்கள். பிழைத்தார், நன்றாகச் சாப்பிட்டார், ஆனால் மறுபடி ஊதவில்லை. தையல் விட்டுவிடும் என்ற பயம். செட்டைவிட்டுப் போகவும் மனசில்லாமல் ஜால்ராவை வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் நடந்தார். ஊரையே நிறுத்தி வைத்த மனுஷன் ஜால்ரா தட்டிக்கொண்டு போனதை நான் பக்கத்தில் நடந்து பார்த்தேன். அதிலிருந்து ஆபரேஷன் என்று யாராவது சொன்னாலே எனக்குக் கோபம் வரும். பயம் என்று சொல்ல வாய் வராது, கோபம்தான் வரும்.

என் மனைவி கத்திவாக்கத்துக்காரி. என் கோபத்துக்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. "யோவ், நீ ஊதறப்போ எனக்கு இங்க வயித்துல இழுக்குதுயா. ஒரு நாளிக்கி ரோட்ல நின்னுகினு வயித்தப் புட்ச்சிக்கினு வுழப்போற. கெளம்பு" என்றாள். கிளம்பினேன்.

முதலில் பார்த்த டாக்டர் படுக்க வைத்து அழுத்தினார். "இருமுங்க" என்றார். இருமினேன். ஒன்றும் வரவில்லை. "கொழுப்புதான், வெயிட்டைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். மனைவி விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்தவர் ஒரு பெண் சர்ஜன், என்னைவிட வயதில் சின்னவர். அவரும் இருமச் சொன்னார். நான் பொறுமை இழந்துவிட்டேன்.

"டாக்டரம்மா, இருமினா வராது. ஊதினாத்தான் வரும்."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்போ ஊதிடுங்க. நாளைக்கு டிரம்பெட்டை எடுத்துட்டு வாங்க" என்றார். வயிற்றுக்கு அழுத்தம் கொடுக்கிற வேலை செய்பவர்களுக்குத் தசை எப்படி விலகுகிறது என்று அவர்கள் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்களாம். படுக்க வைத்துப் பார்க்காமல், வேலை செய்யும்போதே ஸ்கேனில் பார்ப்பது. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் வந்திருக்கிறார்கள், மீன்கூடை சுமக்கிற பெண்கள் வந்திருக்கிறார்கள். "டிரம்பெட்காரர் யாரும் வரல. நீங்கதான் முதல் ஆள்" என்றார். முதல் ஆள் என்று சொன்னதும் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது, பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் ஸ்கேன் அறையில் சட்டையைக் கழற்றி, வயிற்றில் ஜெல்லைத் தடவி, நிற்க வைத்தார்கள். "ரொம்ப நேரம் உச்சத்துல நிக்கிற பாட்டா ஊதுங்க" என்றார் டாக்டர். யோசிக்கவே இல்லை. எங்கள் பாட்டுகளிலேயே ரொம்ப நேரம் உச்சத்தில் நிற்பது ஒன்றுதான், சவத்தைத் தூக்கும்போது ஊதுவது. மூச்சை இழுத்துப் பிடித்து ஊதினேன் பாருங்கள், கண்ணாடி அதிர்ந்தது.

"பிடிங்க, அப்படியே பிடிங்க... வந்திடுச்சு! அதோ பாருங்க!" டாக்டர் சின்னப் பிள்ளைபோலக் குதித்தார். திரையில் இரண்டு சதைப்பட்டைகள் விலகி, நடுவே ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. இத்தனை காலம் நான் கையால் அமுக்கி வைத்திருந்த சனியன் அதுதான்.

அதற்குள் வெளியே ஒரே கலவரம். வடசென்னையில் அந்தப் பாட்டு தெரியாதவர் யார்? "யாருபா பூட்டாங்க?" என்று ஓடி வருகிறார்கள். நர்ஸ் ஒருவர் கதவைத் திறந்து திகைத்து நிற்கிறார். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர், "தோ, நான் இன்னும் உயிரோடதான் கீறேன்! அதுக்குள்ள இன்னாத்துக்கு நைனா அவசரம்?" என்று கத்தினார். என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஆஸ்பத்திரில வந்து எவனாச்சும் சாவுப்பாட்டு ஊதுவானா? மூளகீதா உனுக்கு? மானமே பூடுச்சி!"

கூட்டம் கலைந்த பிறகு டாக்டர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். முன்பெல்லாம் வயிற்றைத் திறந்துதான் தைத்தார்கள், அப்பாவுக்குச் செய்தது அதுதான். அப்புறம் சின்னத் துளைகள் போட்டு வயிற்றுக்குள்ளே கேமராவை விட்டு, ஓட்டையை உள்ளிருந்தே வலையால் மூடினார்கள். ஆனால் அந்த வலை குடலுக்குப் பக்கத்தில் இருக்கும், சிலருக்கு ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுக்கும். இப்போது குடல் இருக்கிற பக்கமே போவதில்லையாம். தசைக்கும் அதன் பின்னால் இருக்கும் உறைக்கும் நடுவில் கேமராவை நுழைத்து, அந்த இடுக்கிலேயே இடம் உண்டாக்கி, ஓட்டையைத் தைத்து, அதன் பின்னால் வலையை விரித்துவிடுகிறார்கள்.

உள்ளே விட்டுத் தைக்கிற கருவி ஒன்றை என் கையில் கொடுத்தார். பென்சில் தடிமன், முழ நீளம், முனையில் ஒரு குட்டி வாய். பிடியைத் திருகினால் அந்த வாய் திரும்புகிறது, அழுத்தினால் கவ்வுகிறது. லேத்தில் ஊறிப்போன நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்த மாதிரி ஒன்றைக் கடைந்தவன் கையில் முத்தம் கொடுக்கலாம்! மேஜையில் மாதிரிக்கு வைத்திருந்த வலைத் துண்டை என் மனைவி விரலில் உருட்டிப் பார்த்தாள். "இதான் வலையா? நெத்திலிகூடத் தப்பாது போலகீதே."

"இந்தக் கண்ணி வழியா உங்க வீட்டுக்காரர் சதையே வளர்ந்து பின்னிக்கும்மா."

நான் கேட்டேன், "அது சரி, வலையை எதுல அடிச்சு நிறுத்துவீங்க? ஆணியா, போல்ட்டா?"

"பெரும்பாலும் எதுவும் தேவைப்படாது. உள்ளேருந்து வயிறு தள்ளுதே, அந்த அழுத்தமே வலையைத் தசையோட சேர்த்து அமுக்கிப் பிடிச்சுக்கும்."

"அப்போ நான் ஊதினா?"

"ஊதினா இன்னும் இறுக்கிப் பிடிக்கும்."

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன். அப்பாவின் வாயிலிருந்து டிரம்பெட்டைப் பிடுங்கிய அதே அழுத்தம் எனக்குக் காவல் நிற்குமா? "இன்னா மூளைமா உங்களுக்கெல்லாம்!" என்று கத்தியேவிட்டேன். டாக்டர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"ஒண்ணு சொல்லிடறேன். இப்படியே விட்டா குடல் மாட்டிக்கும், அது உயிருக்கே ஆபத்து. அதனால ஆபரேஷன் கட்டாயம். இதைச் செஞ்சுக்கிட்டவங்க மறுபடி மூட்டை தூக்கறாங்க. ஆனா டிரம்பெட் ஊதினவங்களை நான் பார்த்ததில்ல. ஊதலாம்னு என் அறிவு சொல்லுது. சத்தியம் பண்ண மாட்டேன்."

சத்தியம் செய்திருந்தால் ஓடியே போயிருப்பேன். செய்ய மாட்டேன் என்றதால்தான் கையெழுத்துப் போட்டேன்.

கண் விழித்துப் பார்த்தால் வயிற்றில் அங்கங்கே சின்னச் சின்ன பிளாஸ்திரி. "இன்னும் ஆரம்பிக்கலியா?" என்று நர்சிடம் கேட்டேன். முடிந்து வெகுநேரமாகிவிட்டது என்றார். வலி இல்லாமல் இல்லை, சிரித்தால் சுரீர் என்றது. ஆனால் அன்று சாயங்காலமே எழுப்பி நடக்க வைத்தார்கள். அப்பா எத்தனை வாரம் மல்லாந்து கிடந்தார் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் சாத்துக்குடியும் பிரட்டுமாக ஜனங்கள் திரண்டு வந்து, சட்டையைத் தூக்கிப் பார்த்து ஏமாந்து போனார்கள். "இன்னா மாமா, கொசு கட்ச்சாப்ல கீது! இதுக்கா லீவு போட்ட?" என்றான் மச்சான். சிரித்தால் வலிக்கும் என்பதால் திட்டி அனுப்பினேன்.

டாக்டர் சொல்கிறவரை ஊதக் கூடாது. டிரம்பெட்டை என் மனைவி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் சாப்பாட்டு மேஜையில் விரல்களால் தாளம் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். பிறகு மறுபடி அதே ஸ்கேன் அறை. மனைவியின் கண்டிப்பான உத்தரவுப்படி இந்த முறை மாதா பாட்டு, அதுவும் தணிந்த ஸ்வரத்தில். திரையில் சதை விலகவில்லை. கோடு போட்டதுபோல நின்றது. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொல்லி அனுப்பினார். கடைசியில், "இனி முழுசா ஊதலாம். என்ன ஆச்சுன்னு வந்து சொல்லுங்க, எங்களுக்கும் தெரியணும்" என்றார்.

முழுசாக ஊதும் நாள் எங்கள் மாதா கோயில் திருநாளாக அமைந்தது. சாயங்காலம் தேர்பவனி. எங்கள் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. தேர் தெருமுனையில் திரும்பும்போது முதல் டிரம்பெட் உச்ச ஸ்வரத்தைப் பிடிக்க வேண்டும், தேர் முழுசாகத் திரும்பி நிமிரும்வரை விடக் கூடாது. அப்பா அதைத்தான் இழந்தார். நான் மச்சானை அருகில் அழைத்து, "நான் வுட்டேன்னா நீ புட்ச்சிக்கோ" என்றேன். அவன் முகம் சுருங்கியது. "வுட மாட்ட மாமா" என்றான். அவன் இடது கை அப்போதும் அவன் வயிற்றில்தான் இருந்தது. "கைய எட்றா பேமானி, அது வியாதி!" என்று ஒரு அதட்டுப் போட்டேன்.

தேர் முனைக்கு வந்தது. என் இடது கை தானாக வயிற்றுக்குப் போனது. பிடுங்கி டிரம்பெட்டில் வைத்தேன். இழுத்தேன் மூச்சை. ஏறினேன். ஆண்டவரே, பிடித்துவிட்டேன்! எதுவும் பிதுங்கவில்லை, எதுவும் இழுக்கவில்லை. வயிறு சுவர்போல நின்றது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதால் உதடு நழுவும் என்று கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் என் மனைவியைப் பார்த்தேன். டீக்கடை ஓரம், ஒவ்வொரு திருநாளிலும் அவள் நிற்கிற அதே இடம். கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள். இடது கையால் தன் வயிற்றை, தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே, பலம்கொண்ட மட்டும் அமுக்கிப் பிடித்திருந்தாள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. இத்தனை வருடமும் நான் ஊதியபோதெல்லாம் இப்படித்தான் நின்றிருக்கிறாள். நான் பார்த்ததே இல்லை.

தேர் திரும்பி நிமிர்ந்தது. கூட்டம் கைதட்டியது. "போதும் மாமா, தேரு திரும்பிச்சி!" என்று மச்சான் தோளை இடித்தான். அவள் கண்ணைத் திறந்து என் இரண்டு கைகளையும் பார்த்தாள். அவள் கை அவள் வயிற்றைவிட்டு இறங்கும்வரை நான் அந்த ஸ்வரத்தை விடவில்லை.