ஒற்றுமைப் பொங்கலுக்கு வந்த கடல்பசு

இரண்டு வருடங்களுக்கு முன், கடலோரக் கெலாங் பாத்தாவில், எங்கள் குடியிருப்பில் எல்லா மதத்தவரும் சேர்ந்து வைக்கும் ஒற்றுமைப் பொங்கலுக்கு முந்தைய வாரம் நடந்தது இது. நான் லாரி ஓட்டுகிறவன். கோயில் கமிட்டியிலும் இருக்கிறேன். யாராவது இறந்தால் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாமான் கட்டிக்கொண்டு, அந்தக் குடும்பத்தைக் கடற்கரைக்கு அழைத்துப் போவதும் நான்தான்.

சர்ச்சுக்குப் போகும் ஒரு டீச்சர், கடற்கரையில் பொறுக்கிய குப்பையைக் கொண்டு பெரிய கடல்பசு செய்து பொங்கல் மேடைக்குப் பக்கத்தில் வைக்கப்போவதாகச் சொன்னார். அதைப் பார்த்தால் சனங்களுக்குப் புத்தி வருமாம். எனக்குப் பிடிக்கவில்லை. நல்லது செய்கிறேன் என்று வருகிறவர்களை நான் லேசில் நம்புவதில்லை. போட்டோ எடுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

மண்டபத்துக்குப் பின்னால் அதைக் கட்டிக்கொண்டிருந்தபோது போய்ப் பார்த்தேன். முதுகு முழுக்கத் தண்ணீர் பாட்டில். துடுப்புக்குப் பழைய சிலிப்பர். வயிற்றில் தீப எண்ணெய் பாட்டிலும் கற்பூர டப்பாவும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன டீச்சர், எங்க சாமி சாமான்தான் கிடைச்சதா உங்களுக்கு?"

"கடல்ல கிடந்தது அண்ணே. பொங்கலுக்கு மாடு வேணும்தானே, இது கடல் மாடு லா," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்கு நக்கலாகப் பட்டது. அன்றைக்கே கமிட்டியில் சொன்னேன். நம் சமயத்தைக் கேவலப்படுத்தத்தான் இந்த வேலை, கோயில் குப்பைத் தொட்டியிலிருந்தே எடுத்திருக்கிறார்கள் என்று. அது உண்மையானால் விழாவில் கடல்பசு வேண்டாம் என்றார் தலைவர். அது அந்த டீச்சர் ஆறு வாரம் பாடுபட்டுச் செய்தது. எனக்கு இரக்கமே வரவில்லை.

கடலில் கிடந்தது என்பது பொய் என்று கையும் களவுமாகப் பிடிக்க, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் குப்பை பொறுக்கும் இடத்துக்குப் போனேன். நான் காரியத்துக்குப் போகும் அதே கடற்கரை. டீச்சரும் நாலைந்து பேரும் சேற்றில் நின்றார்கள். ஓரமாகச் சில சாக்குகள் தனியாக இருந்தன.

"அதுல என்ன மறைச்சு வச்சிருக்கீங்க?"

"அது சாமி சாமான் அண்ணே. மாலை, படம், துணி. அதையெல்லாம் மாட்டுல கட்ட மனசு வரலை. வெறும் பாட்டில், டப்பாவைத்தான் எடுத்தேன். மிச்சத்த என்ன செய்யறதுன்னு உங்க கோயில்ல கேக்கணும். திட்டாம யார் பதில் சொல்வாங்கன்னுதான் தெரியலை."

நம்பாமல் ஒரு சாக்கைக் கவிழ்த்தேன். சிவப்பு பிளாஸ்டிக் பைகள், மஞ்சள் ராஃபியா கயிற்றில் கட்டியவை. வாயை இரண்டாக மடித்து, மூன்று சுற்று சுற்றி, நுனியை உள்ளே செருகிய கட்டு. லாரியில் சரக்குக்கு நான் போடும் கட்டு. காரியம் முடிந்ததும் மிச்சச் சாமானை அப்படிக் கட்டித் தண்ணீரில் விட்டுவிட்டு, "திரும்பிப் பாக்காம நடங்க," என்று குடும்பத்தை அழைத்து வந்துவிடுவேன். அதுதான் வழக்கம். பன்னிரண்டு வருடமாக நானும் திரும்பிப் பார்த்ததில்லை.

"தெரிஞ்ச கட்டா அண்ணே?"

"என்னுதுதான்."

டீச்சர் குனிந்து, நான் கொட்டிய பைகளைத் திரும்பச் சாக்கில் போட ஆரம்பித்தார். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மதியமே தலைவரிடம் போய், இல்லாததைச் சொல்லிவிட்டேன் என்றேன். "அலமாக், நீதானேய்யா அந்தக் குதி குதிச்ச?" என்று தலையில் அடித்துக்கொண்டார். கடல்பசுவை என் லாரியிலேயே ஏற்றி வந்து மேடைக்குப் பக்கத்தில் இறக்கினேன். காலிப்பை ஒன்றை அதே கட்டோடு அதன் வயிற்றில் நானே தொங்கவிட்டேன். யாருடையது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். இரண்டு பேர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

இப்போதும் காரியத்துக்குப் போகிறேன். பிண்டமும் பூவும் தண்ணீருக்குப் போகும். பிளாஸ்டிக் என்னோடு திரும்பி வரும். எதைத் தூக்கிக்கொண்டு போகிறான் இவன் என்று சில குடும்பங்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த டீச்சரை நான் பார்த்த பார்வைதான் அது என்று நினைத்துக்கொண்டு, பையைத் திறந்து காட்டிவிடுகிறேன்.