குடிலில் குட்டி போட்ட சின்னி

கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு வாரம். இரண்டு மாதமாக ஆபீஸ் விட்டு வந்தால் எனக்குக் குடில் கட்டும் வேலைதான். பாதி ஹாலைக் குடிலின் காகித மலையே அடைத்துக்கொண்டது. ஜெரால்டோடு வெளியே போய் எத்தனை நாளாயிற்று என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

இன்று அவன் தன் அம்மாவை வில்லியனூரிலிருந்து கூட்டி வந்தான், கல்யாணம் பேச.

அவன் அம்மா முதலில் குடிலைக் கும்பிடக் குனிந்தார். பாலன் இயேசுவுக்காகக் காலியாக விட்டிருந்த வைக்கோலில் என் பூனை சின்னி காலையில்தான் குட்டி போட்டிருந்தாள்.

"இன்னாம்மா இது, சாமி படுக்கிற எடத்துல?"

"இப்ப தொட்டா குட்டிங்கள தூக்கிக்கினு எங்கியாவது பூடும் ஆன்ட்டி. கண்ணு தெறக்கட்டும்."

ஜெரால்ட் என்னை வாசலுக்கு அழைத்தான்.

"மூணு வருஷமா பூன, குடிலு, அப்பறந்தான் நானு. இன்னிக்கி ஒரு நாளு அத எடுத்து வெளிய வுடுடி. எனுக்காக."

எனக்கு அவன் வேண்டும். சத்தியமாக வேண்டும். ஆனால் குடிலில் பிள்ளை பெற்றவளிடம் இங்கே இடமில்லை என்று எப்படிச் சொல்வது?

முடியாது என்றேன். அம்மாவை ஏற்றிக்கொண்டு அவன் கிளம்பிய பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் மலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். சின்னி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குட்டிகள் கண் திறப்பதற்குள் பாலன் பிறந்துவிடுவார். அவரை எங்கே படுக்க வைப்பது?

பூனையை எடு என்று மட்டும் யாரும் கமென்ட் போட வேண்டாம். அதைச் சொன்னவன் இன்னும் என் போனை எடுக்கவில்லை.