உப்புப் போட்ட கிளவுஸ்

அன்றைக்கு எங்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா, அவரோடு உப்பு மூட்டை தூக்கும் கூட்டாளி. நாலே பேர். பிற்பாடு தெருவில் பாதிப் பேர், "நானும் அங்கதான் இருந்தேன், அப்பவே வேணாம்னு சொன்னேன்" என்று சொல்லித் திரிந்தார்கள். ஒருத்தரும் இல்லை. வேண்டாம் என்றும் ஒருத்தரும் சொல்லவில்லை. காற்றடித்தாலே பயப்படுகிற நான்கூடச் சொல்லவில்லை.

நாலு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது, விட்டத்து ஆணியில் தொங்கிய ஒரு ஜோடி பாக்ஸிங் கிளவுஸை. எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. நான் கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சென்னைக்கு உப்பு ஏற்றிப்போகும் லாரி டிரைவர் ஒருவர் ராயபுரத்தில் யாரிடமோ பழசாக வாங்கி வந்து கொடுத்த கிளவுஸ் அது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். எங்களிடம் வந்தபோது புளி நிறம். ஊருக்கே அந்த ஒரு ஜோடிதான். அதனால் என் வீட்டுக்காரரும் கூட்டாளியும் ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டு, வேலை முடிந்த சாயங்காலங்களில் உப்பளத்துக்குப் பக்கத்து மேட்டில் நின்று ஒற்றைக் கையால் குத்திக்கொள்வார்கள். பகல் முழுக்க மூட்டை தூக்கிய கைகள். அவற்றின் வியர்வை முழுவதும் கிளவுஸுக்குள்தான் இறங்கியது.

அதன் நாற்றத்தை எதோடு ஒப்பிடுவது என்று தெரியவில்லை. என் மாமியார் அதைக் கிளவுஸ் நாற்றம் என்றே முதலில் நினைக்கவில்லை.

"வீட்ல எங்கியோ எலி செத்துக் கெடக்குதுடி," என்றார். அரிசிப் பானையை நகர்த்தினார். மாதா படத்துக்குப் பின்னால் பார்த்தார். கடைசியில் ஒரு கோலை எடுத்துக் கூரையைக் குத்தினார். கோல் பட்டு கிளவுஸ் ஆடியது. நாற்றம் அவர் மூக்கிலேயே வந்து இறங்கியது.

"அடப்பாவி! எலிய ஆணில மாட்டி வச்சிக்கினு என்னையத் தேட உட்டியா?"

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவருக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை. வருஷா வருஷம் பாண்டியில் மாதா கோயில் திருவிழாவுக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் பாக்ஸிங் போட்டி நடக்கும். கிளவுஸ் அவரவர் கொண்டுவர வேண்டும். போன வருஷம் இவரும் போயிருந்தார். ரெஃப்ரி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அந்த மாதிரி ஆட்களை அங்கே சொல்தா என்பார்கள். அவர் இவருடைய கிளவுஸை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இந்த அழுக்கு எதிராளியின் கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்றாராம். பாண்டிப் பசங்களிடம் கிளவுஸ் இரவல் கேட்டதற்கு, "நாறுற கைக்கு எங்க கிளவுஸக் குடுத்தா அதுவும் நாறும், போய்யா கருவாடு" என்றார்களாம். இவர் ரிங் கயிற்றைக்கூடத் தொடாமல் திரும்பி வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது. எனக்கே அதைச் சொல்ல அவருக்கு நாலைந்து மாசம் பிடித்தது.

இந்த வருஷமும் கூப்பிட்டிருந்தார்கள். திருவிழாவுக்குப் பத்து நாள்தான். இன்னொரு தடவை திருப்பி அனுப்பினால் அப்புறம் எப்போதும் கூப்பிடமாட்டார்கள். அவர் ஜெயிக்க வேண்டும் என்றுகூட ஆசைப்படவில்லை. "ஒரு தரம் உள்ள ஏறிட்டு எறங்கணும், அவ்ளோதான்" என்பார்.

ஆகவே நாலு பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

"வெயில்ல போட்டா?" என்றேன்.

"போட்டுப் பாத்தாச்சு அண்ணி," என்றார் கூட்டாளி. "தோலு வெடிக்குது. நாத்தம் மட்டும் அப்படியே கீது."

"சோப்பு போட்டு ஊற வச்சா?"

"உள்ள குதிர முடி அடைச்சிருக்கான். நனைஞ்சா அவ்ளோதான், குதிரையே நாறும்."

பிறகு கூட்டாளிதான் தொடையைத் தட்டினார். "ஏம்பா, மீனு கெடாம இருக்க இன்னா பண்றோம்? உப்பு போடறோம். உப்பு தண்ணிய இஸ்துக்கும். அதுல இருக்கற வேர்வய இஸ்துக்காதா?"

"கருவாடு மட்டும் சந்தனமாட்டமா மணக்குது?" என்றார் மாமியார்.

"பெரிம்மா, கருவாடு மணக்கும். அழுகாது. ரெண்டும் வேற."

அதுதான் நடந்தது. எனக்குப் பாம்பு பயம், மின்னல் பயம், கிணறு பயம். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற பயம். ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவள் என்பதால் நான் வாயைத் திறந்தால் தப்பாகப் பேசிவிடுவேனோ என்கிற பயம் தனி. ஆனால் உப்பிடம் எனக்குப் பயமே இருந்ததில்லை. அதுதான் சோறு போட்டது. அளத்தில் அன்றைக்கு வாரிய உப்பை ஒரு கூடை கொண்டுவந்து, இரண்டு கிளவுஸிலும் விரல் நுனி வரைக்கும் திணித்து, வாயைக் கயிற்றால் கட்டி, மறுபடி விட்டத்தில் மாட்டினோம்.

அடுத்த இரண்டு நாளும் வானம் மூட்டம் போட்டிருந்தது. கடல் காற்று ஈரமாக வீட்டுக்குள் வந்து போனது. மூன்றாம் நாள் விடியற்காலையில் மாமியார் அலறினார்.

"கூர ஒழுகுது! எழுந்திருங்கடா, மழ!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். வெளியே மழையே இல்லை. அவர் உதட்டை நாக்கால் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"மழ இல்லடி. கரிக்குது."

விட்டத்திலிருந்து கிளவுஸ் சொட்டிக்கொண்டிருந்தது. நேராக அவர் பாய்க்கு மேலே.

புதுசாக வாரிய உப்பு அப்படித்தான். அதற்குள் கசப்புத் தண்ணீர் நிற்கும். காற்றில் ஈரம் இருந்தால் அதையும் இழுத்துக்கொண்டு கசிய ஆரம்பிக்கும். அளத்தில் உப்பு அம்பாரத்தின் அடியில் தினமும் நாங்கள் காணும் ஈரம்தான். நாலு பேருக்கும் தெரியும். நாலு பேருக்கும் அன்றைக்கு மீன் ஞாபகம்தான் வந்தது, அம்பாரம் ஞாபகம் வரவில்லை. கிளவுஸை இறக்கினால் மண்வெட்டி கனம். தோலில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

என் வீட்டுக்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "உடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றார். அவர் வேலைக்குக் கிளம்பியதும் கிளவுஸை நான் எடுத்துக்கொண்டேன். கவலைப்படுகிறவளுக்குக் கையில் ஒரு வேலை இருந்தால் நல்லது.

முதலில் உப்பைக் கொட்டினேன். விரல் நுனியில் இன்னும் ஏதோ அடைத்திருந்தது. குச்சியால் நெம்பி இழுத்தேன். வந்தது ஒரு துணி. வேட்டிக் கிழிசல். குத்தும்போது கைக்குச் சுற்றிக்கொள்கிற துணியை ஈரத்தோடு கழற்றி உள்ளேயே தள்ளிவிட்டிருக்கிறார்கள். இன்னொரு கிளவுஸிலும் ஒன்று. அவற்றை எடுத்து வெளியே போட்டதும், படுத்திருந்த தெருநாய் எழுந்து வேறு இடத்துக்குப் போனது. பாதி நாற்றம் அந்தத் துணியுடையது. அவற்றைச் சாம்பல் போட்டுக் கொதிக்க வைத்தேன்.

எங்கள் பக்கத்துக் கிணறு உப்புத் தண்ணீர். அதில் துடைத்தால் உப்புக்கு மேல் உப்பு. ஆகவே குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து, துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து, மூலை முடுக்கெல்லாம் உள்ளே விட்டுத் துடைத்தேன். மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"குடிக்கற தண்ணில கிளவுஸ் குளிக்குது. நான் குளிக்கறது உப்புத் தண்ணில."

"அத்த, ரெண்டு நாளைக்குத்தான்."

"ஈரத்த எப்பிடிடி எடுப்ப? வெயில்ல போட்டா வெடிக்கும், அடுப்பாண்ட வச்சா சுருங்கும்."

அவர் கேட்டது நியாயம். பதில் எனக்கு அவருடைய முழங்காலைப் பார்த்ததும்தான் வந்தது. மூட்டு வலிக்கு அவருக்குத் தினமும் தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பேன். எடுக்கும்போது தோல் காய்ந்து கிடக்கும். அதே போல் தவிட்டை இளஞ்சூடாக வறுத்து, விரல் தடிமனில் சின்னச் சின்ன முடிச்சுப் போட்டு, கிளவுஸுக்குள் திணித்து நிழலில் வைத்தேன். முடிச்சு ஈரமானதும் எடுத்துவிட்டு வேறு வைத்தேன். சூடு அதிகமோ, தவிடு பூசணம் பிடிக்குமோ, முடிச்சு உள்ளேயே அவிழ்ந்துவிடுமோ என்று ஒவ்வொரு தடவையும் பயம். இரண்டு முடிச்சு அவிழ்ந்தும் போயின. உதறி உதறிக் கொட்டினேன்.

திருவிழாவுக்கு முதல் நாள் என் வீட்டுக்காரர் மூக்கை உள்ளே விட்டு மோந்தார். வெளியே எடுத்துவிட்டு மறுபடி மோந்தார்.

"ஒண்ணுமே இல்லியே! அட மாவு வறுத்த வாசன வருது."

"இன்னாத்த சமச்சி வச்சீங்க அண்ணி?" என்றார் கூட்டாளி. "மோந்தா பசி எடுக்குது."

மறுநாள் மாமியாரை வீட்டில் விட்டுவிட்டு, மற்ற மூன்று பேரும் உப்பு லாரியில் ஏறி, திண்டிவனம் போய், கிளியனூர் வழியாகப் பாண்டி போனோம். கிளவுஸைப் புதுத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன். லாரி முழுக்க உப்பு. ஒரு கல்லு உள்ளே போனாலும் மறுபடி அழுமோ என்று வழி முழுக்கத் துண்டை அவிழ்க்கவே இல்லை.

மைதானத்தில் மேஜை போட்டு சொல்தா உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கர்ச்சீப்பை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

"வாய்யா மரக்காணம். கொண்டா."

மோந்தார். உள்ளே விரலை விட்டுத் தடவினார். விரலையும் மோந்தார். பக்கத்தில் நின்ற பாண்டிப் பசங்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். நான் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு எந்த மணியில் இருக்கிறேன் என்பதை விட்டுவிட்டேன்.

"இது கழுவுனதா, வறுத்ததா?" என்றார் சொல்தா.

"ரெண்டும்தாங்க முசியே," என்று பிரெஞ்சு மரியாதையோடு சொன்னார் என் வீட்டுக்காரர்.

"நல்லா இருக்குது. பேர் எழுது."

இவர் பெயரை எழுதியதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டேன். ஆனால் எனக்குத்தான் நிம்மதி ஒட்டாதே. துண்டுக்குள்ளேயே வைத்திருந்தால் வேர்க்கும் என்று, மைதானத்து மதில் மேல் நிழலாகப் பார்த்துக் கிளவுஸைக் காற்றாட வைத்தேன். கூட்டாளி சோடா வாங்கி வந்து கூப்பிட்டார். திரும்பி இரண்டு மடக்குக் குடித்தேன். மறுபடி பார்க்கும்போது மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பசுமாட்டுத் தலை. வாயில் எங்கள் வலது கிளவுஸ். கட்டைவிரலைக் காணோம்.

மாட்டைக் குறை சொல்ல முடியாது. உப்பும் தவிடும். தொட்டியில் மாட்டுக்குக் கலந்து வைப்பது வேறென்ன?

நான் போட்ட கூச்சலில் போட்டியே நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் ஓடிவந்து இழுத்தார், மாடு விடவில்லை. கூட்டம் சிரித்து உருண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர். "மறுபடி போச்சா?" என்று மட்டும் கேட்டார் இவர். சொல்தா வந்து, மாடு மென்றதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"கிளவுஸ் சுத்தமா இருந்தத நான் பாத்தேன். மாடு தின்னதுக்கு இவன் இன்னா பண்ணுவான்? ஏம்பா, யாராவது ஒரு ஜோடி குடுங்க."

போன வருஷம் கருவாடு என்றவர்கள் இந்த வருஷம் நாற்றத்தைச் சாக்குச் சொல்ல முடியாது. பேர் எழுதியாயிற்று. அவர்களில் கிளவுஸ் வைத்திருந்த ஒருத்தன், "வாடகை பத்து ரூபா" என்றான். எங்கள் மூன்று பேர் மடியையும் உதறியதில் நாலு ரூபாய் தேறியது. மீதி அப்புறம் என்று வாங்கிக்கொண்டோம்.

இவர் கையை உள்ளே விட்டார். முகம் கோணியது.

"இன்னாங்க?"

"அடியே, நம்ம எலி இங்க இருக்குதுடி."

சிரித்துக்கொண்டேதான் கயிற்றைத் தாண்டி உள்ளே ஏறினார். மூன்று ரவுண்டு. எதிராளி இவரைவிட உயரம், இவரைவிட வேகம். இவர் உதடு கிழிந்தது. விழவில்லை. கடைசி ரவுண்டில் இவர் விட்ட குத்து ஒன்று பட்டு அவன் இரண்டடி பின்னால் போனதும், எங்கள் லாரி டிரைவர் ஹாரன் அடித்தே காதைச் செவிடாக்கிவிட்டார். பாயிண்டில் தோற்றார். இறங்கி வந்தபோது ஜெயித்தவனைவிட இவர் முகத்தில்தான் வெளிச்சம்.

கிளவுஸ்காரன் வந்து மீதி வாடகை கேட்டான். என் வீட்டுக்காரர் கிளவுஸைக் கழற்றி அவன் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"மொதல்ல மோந்து பாரு தம்பி. அப்பறம் கேளு."

அவன் மோந்து பார்த்தான். சுற்றி நின்றவர்கள் ஓவென்று சிரித்தார்கள். சொல்தா வேறு திரும்பிப் பார்த்துத் தொலைத்தார். அவன் கிளவுஸைப் பிடுங்கிக்கொண்டு, "அடுத்த வருஷம் வாங்கிக்கறேன்" என்று போய்விட்டான். அடுத்த வருஷமும் போனோம், அதற்கு அடுத்த வருஷமும் போனோம். அவன் எங்களைப் பார்த்தால் கூட்டத்துக்குள் புகுந்துவிடுவான். கேட்கவே இல்லை. ஆனாலும் பாக்கி பாக்கிதானே, எனக்கு அது மனசை விட்டுப் போகவில்லை. அவனுக்கு நாங்கள் இன்னும் தர வேண்டியது ஆறு ரூபாய்.