கருவாட்டுக்காரி போட்ட சென்ட்

திண்டிவனம் மார்க்கெட்டில் கருவாடு விற்கிறேன். என் மேல் கருவாட்டு வாசனை அடிக்கும். பின்னே, மல்லிகையா அடிக்கும்? வாங்கித் தின்னும்போது நாக்கைச் சப்புக்கொட்டுகிறவர்கள், பஸ்ஸில் நான் பக்கத்தில் உட்கார்ந்தால் மூக்கைப் பொத்துகிறார்கள். இந்த ஜனங்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது.

ஊரார் பொத்தினால் பொத்தட்டும். கூடப்பிறந்த தங்கை சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் விழுப்புரத்தில் இருக்கிறாள், வீட்டுக்காரருக்கு ஆபீஸ் வேலை. போன வருஷம் மகனுக்கு நிச்சயதார்த்தம் வைத்தாள். எங்கள் குடும்பத்தில், நிச்சயப் புடவை வைத்த முதல் தட்டை மாப்பிள்ளையின் பெரியம்மாதான் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். அவனுக்கு இருக்கிற ஒரே பெரியம்மா நான். தங்கை போன் பண்ணினாள்.

“அக்கா, முன்னாடியே கடைய மூடிடு. நல்லா குளிச்சிட்டு, சென்ட் ஏதாவது போட்டுக்கினு வா. பொண்ணு வூட்டுக்காரங்க ஒரு மாதிரி. முடியலன்னா சொல்லு, என் நாத்தனார் தட்டு எடுக்கட்டும்.”

“உன் நாத்தனார் அவனுக்கு பெரியம்மாவாடி?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

ஆத்திரத்தில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் ஒரு சென்ட் வாங்கினேன். பெட்டியில் வெளிநாட்டுப் பெயர். விலையும் அதற்கேற்ற மாதிரி. உள்ளே எந்த ஊர்த் தண்ணீரோ. மறுநாள் அதை அடித்துக்கொண்டு கோட்டக்குப்பம் பக்கம் சரக்கு எடுக்கப் போனேன். ஷேர் ஆட்டோவில் மற்ற நாளென்றால் சற்று நகர்ந்து உட்காருவார்கள். அன்றைக்கு ஒரு ஆள் இறங்கியே போய்விட்டான்.

பக்கத்தில் பர்தா போட்ட ஒரு பெண் சிரித்தாள்.

“கோச்சிக்காதீங்கக்கா. கருவாட்டு மேல ரோஸ் மில்க் ஊத்துன மாதிரி கீது.”

“உனக்கு இன்னாம்மா தெரியும்?”

“நான் சென்ட் கலக்கி விக்கிறவக்கா. வூடு இங்கதான், வாங்க.”

சண்டை போடத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டுக்காரர் துபாயில் ஒரு அத்தர் கடையில் வேலை பார்த்தவர். லீவில் வரும்போது கொண்டுவந்த எண்ணெய்களை வைத்து இவளாகவே கலந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். இப்போது ஆர்டர் வந்தால் சின்னச் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிறாள். எந்தக் கம்பெனியையும் பார்த்துக் காப்பி அடிப்பதில்லை.

வாசலிலேயே நிறுத்தினாள். “தலையில கீற பூவ எடுத்து வெளிய வச்சிட்டு வாங்கக்கா. மல்லிய வச்சிக்கினு எத மோந்தாலும் மல்லிதான்.”

புருஷன் இருக்கிறவளைப் பூவை எடுக்கச் சொல்கிறாளே என்று சுருக்கென்றது. ஆனாலும் எடுத்தேன். மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்தாள். முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை.

“ஏமாத்தறியா?”

“ஜல்தி பண்ணாதீங்க. டீ குடிங்க.”

டீயைக் குடித்துவிட்டு மறுபடி முகர்ந்தேன். வெட்டிவேர். அதோடு காய்ந்த மண், கொஞ்சம் எலுமிச்சைத் தோல். என் கையிலிருந்த உப்பு வாசனை எங்கேயும் போகவில்லை. அதுவும் அதிலே சேர்ந்துகொண்டது. மூடி மறைக்கிற சென்ட் இல்லை இது. மழை விட்ட பிறகு கடற்கரையில் வருகிற மாதிரி ஒரு வாசனை. இனிப்பு வாசனை எனக்கு ஒத்துவராது என்று அவள் கடைசியில்தான் சொன்னாள். ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டேன், விலை ஒரு கிலோ நெத்திலிக் கருவாட்டு விலைகூட இல்லை. இத்தனை வருஷம் பெட்டிக்கும் பேருக்கும் காசு வாங்கினவன்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

நிச்சயத்துக்கு முந்தின நாள் மாலைவரை கடை திறந்தேதான் இருந்தது. காலையில் குளித்து, அந்தச் சொட்டை வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். அறையில் தங்கை ஒரு கல்ஃப் சென்ட் பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கொழுந்தன் கொண்டுவந்ததாம், விசேஷத்துக்கு மட்டும் பீரோவிலிருந்து வெளியே வருமாம். வந்த பொம்பளைகளுக்கெல்லாம் புடவை மேல் ஆளுக்கு ஒரு அழுத்து. குடும்பமே ஒரே வாசனை. என்னிடம் வந்து மோந்து பார்த்தாள்.

“இன்னாக்கா இது, சென்ட்டு மாதிரியே இல்ல. இதையும் மேல அடிச்சிக்கோ.”

“என் மேல அத அடிச்சே, கைய ஒடிச்சிடுவேன்.”

“மானத்த வாங்காதக்கா.”

“நான் நாளைக்கும் கருவாடுதான் விப்பேன். தட்டு எடுக்கறதுன்னா இப்பிடியேதான் எடுப்பேன். வாணாம்னா சொல்லு, பஸ் ஏறிடறேன். ஆனா உன் புள்ளகிட்ட நீயே சொல்லிக்க, பெரியம்மா ஏன் போனான்னு.”

நாத்தனார் அதற்குள் தட்டுப் பக்கம் கையை நீட்டிவிட்டாள். தங்கை அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வெளியே மேளக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். சட்டென்று தட்டைத் தூக்கி என் கையில் திணித்தாள்.

“பேஜாரு பண்ணாத. நட முன்னால.”

நடந்தேன். மேடை அருகே பெண்ணின் அம்மா இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். மூக்கைச் சுளிக்கவும் இல்லை, வாசனையைப் புகழவும் இல்லை. “வாங்க சம்மந்தி, உக்காருங்க” என்று முன் நாற்காலியைக் காட்டினாள். காலை நன்றாக நீட்டி உட்கார்ந்தேன்.