ஏழாம் வீட்டுக் கரண்டு

எங்கள் வளவில் ஏழு வீடுகள். அதில் ஆறை நினைத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. அந்த ஆறில் மூன்றாவது வீடு என்னுடையது. அதனால் அடுத்தவனைத் திட்டுவதற்காக எழுதுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திட்டுவது என்று இறங்கிவிட்டேன், எனக்கும் சேர்த்துத்தான் விழும்.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் எலெக்ட்ரீஷியனாகக் காலம் தள்ளியவன் நான். பச்சைக் காயைச் சூடேற்றி உலர்த்தும் ஸ்டோரில் மோட்டார், ஃபேன், வயரிங் எல்லாம் என் பொறுப்பு. வயசாகி போடிக்கு இறங்கி வந்த பிறகு, வளவில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு டம்ளர் காப்பி கொடுப்பார்கள். அதற்கே நான் பெரிய ஆள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவேன்.

சோலார் பேச்சு வந்தபோதும் என்னைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். கம்பெனி ஆள் வந்து சொன்னதை நான் அவர்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னேன். கரண்டு போர்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. ஒரு அளவைத் தாண்டினால் யூனிட் ரேட்டு ஏறிவிடும். நாம் தாண்டுவதெல்லாம் பொழுது சாய்ந்த பிறகுதான். டிவி, மிக்ஸி, ஏசி எல்லாம் அப்போதுதான் ஓடும். பகல் வெயிலில் வரும் கரண்டை பேட்டரியில் சேர்த்து வைத்து, சாயங்காலம் எடுத்துக்கொண்டால் ஒரு வீடும் அந்த அளவைத் தாண்டாது. வீட்டுக்கு ஒரு பேட்டரி என்று வாங்கினால் கட்டுப்படியாகாது, ஏழு வீட்டுக்கும் பொதுவாக வைத்தால் ஆகும். நாலாம் வீட்டில் இரண்டே பேர், அவர்கள் மிச்சம் வைப்பது அஞ்சாம் வீட்டு ஏசிக்குப் போகும். அஞ்சாம் வீட்டார் ராசிங்காபுரத்துக்குத் திருவிழாவுக்குப் போனால் அவர்கள் பங்கு மற்றவர்களுக்கு வரும். இவ்வளவுதான் விஷயம். தலையாட்டினார்கள்.

மாடிப்படிக்குக் கீழே இரும்புக் கூண்டு போட்டு பேட்டரிகளை வைத்தோம். வெயில் வாங்கும் சோலார் பலகைகளை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. ஏழு வீட்டுக்கும் மொட்டை மாடி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. ஆனால் முதல் வீட்டுத் தென்னைமரங்களின் நிழல் பாதி மாடியைத் தின்றுவிடும். நாள் முழுக்க வெயில் காய்வது கடைசி வீட்டு மாடி ஒன்றுதான். ஆகவே பலகைகள் பெரும்பாலும் ஏழாம் வீட்டின் தலைமேல் ஏறின.

ஏழாம் வீடு வாடகை வீடு. அதன் சொந்தக்காரர் முதல் வீட்டில் இருக்கும் மிளகு வியாபாரி. எனக்கு மாமா முறை, என்னை மாப்ளே என்பார். குடியிருந்தவள் நான் வேலை பார்த்த அதே எஸ்டேட்டில் காய் எடுத்தவள். முட்டி தேய்ந்து, சரிவில் ஏறி இறங்க முடியாமல் கீழே வந்துவிட்டாள். கடையிலிருந்து ஏலக்காய் மூட்டையை வாங்கி வந்து, வீட்டிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முறத்தில் கொட்டித் தரம் பிரித்துக் கொடுப்பாள். பச்சையில் எத்தனை பச்சை இருக்கிறது என்று அவள் விரல்களுக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும். கடைசி வீடு என்பதால் ஜன்னலை அடுத்த கட்டடச் சுவர் அடைத்துக்கொண்டிருக்கிறது, நடுப்பகலிலும் உள்ளே இருட்டு. லைட்டு எரிந்தால் வேலை உண்டு, கரண்டுக் காசு கூடினால் கூலி அதற்கே போய்விடும். அப்புறம் அந்த முட்டியோடு மறுபடி ஜீப்பில் ஏறி மலைக்குப் போக வேண்டியதுதான். அவள் பிழைப்பு முழுக்க அந்த வெளிச்சத்தில்தான் இருந்தது.

முன்பு மாமா அவளிடம் யூனிட்டுக்கு இஷ்டத்துக்கு வாங்கிக்கொண்டிருந்தார். பொது லைனில் சேர்ந்ததும் அது பாதிக்கும் கீழே வந்தது. எங்கள் பில்லும் இறங்கியது. முதல் பில் வந்த அன்று அஞ்சாம் வீட்டுக்காரர் வளவு முழுக்க அல்வா கொடுத்தார். அவள் கூடுதலாக ஒரு மூட்டை வாங்க ஆரம்பித்தாள். இரண்டாவது ட்யூப் லைட்டை நான்தான் மாட்டிக் கொடுத்தேன். "இப்பத்தேன் காய் காயா தெரியுதுண்ணே" என்று சிரித்தாள்.

தை பிறந்ததும் பேட்டரி நிரம்ப மாட்டேன் என்றது. நல்ல வெயில். ஆனாலும் சாயங்காலம் பார்த்தால் அரைக்குக் கீழே நிற்கும். சமையல் முடியும் முன்பே பேட்டரி தீர்ந்து எல்லா வீடும் போர்டு லைனுக்கு மாறிவிடும். அடுத்த பில்லில் நாலு வீடு அளவைத் தாண்டியது. அல்வா கொடுத்த அதே ஆள் என் வாசலில் நின்று, "என்னண்ணே உங்க சோலாரு இந்த லட்சணத்துல இருக்கு?" என்றார். பில் இறங்கினபோது அது நம்ம சோலார். ஏறினதும் என் சோலார் ஆகிவிட்டது. த்தூ!

ஒரு மத்தியானம் மாடிக்கு ஏறினேன். ஏழாம் வீட்டு மேலே பலகை பலகையாகப் பழைய சேலைகளை விரித்து, கீழ் ஓரத்தை மடித்துக் கட்டி, மேலே மிளகு பரப்பியிருந்தது. மலையிலிருந்து வந்த லோடு முழுக்க அங்கேதான் கிடந்தது. மாமா ஓரத்தில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கையில் ஒரு குச்சி.

"என்ன மாமா இது?"

"பெறகு எங்குட்டு மாப்ளே காயப்போட? மாடி பூராம் நீங்க பலகைய வச்சிட்டீக. இது நல்லால்ல சூடேறுது! மூணு நாள் காயுறது ரெண்டே நாள்ல காஞ்சிருது. மிளகும் காயும், கரண்டும் வரும். ஒரே வெயிலு, ரெண்டு சோலி!"

மலையில் ஏலக்காயை வெயிலில் காட்டினால் நிறம் போகும், மிளகை வெயிலில் காட்டாவிட்டால் பூசணம் பிடிக்கும். இதெல்லாம் அத்துப்படியான மனுஷனுக்கு, பலகையை மூடினால் வெயில் பலகைக்கு இல்லை, மிளகுக்குத்தான் என்பது தெரியவில்லை. சூடு இருந்தால் கரண்டு வரும் என்று நினைத்துவிட்டார். ஒரு பலகையில் ஒரு மூலை மறைந்தாலே அதோடு கோத்த வரிசை முழுக்கப் படுத்துவிடும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"அந்தா, உங்க வீட்டு மோர் மிளகாயும் நல்லா காஞ்சிருச்சு. தங்கச்சிகிட்ட சொல்லுங்க, வெரசா எடுக்கச் சொல்லி."

ஓரத்துப் பலகையில் எங்கள் வீட்டுச் சேலை. அதன்மேல் எங்கள் வீட்டு மிளகாய். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவரிடம் எனக்குக் கடனும் இல்லை, ஆக வேண்டிய காரியமும் இல்லை. இருந்திருந்தால் அதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்வேன். சும்மா, பெரிய மனுஷனோடு எதற்கு வம்பு என்று படியிறங்கினேன். அவ்வளவுதான் என் யோக்கியதை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் குதித்தேன். "எல்லாரும் போடுறாக, நானும் போட்டேன்" என்றாள். மறுநாள் எங்கள் மிளகாய் இறங்கியது. மிளகு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழாயடியில் ஆறு வீடும் கூடினோம். ஏழாம் வீட்டுக்காரியையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். அஞ்சாம் வீட்டார் ஆரம்பித்தார். "எப்பப் பாத்தாலும் அந்த வீட்டுல லைட்டு எரியுது. பட்டப்பகல்ல எவனாச்சும் லைட்டு போடுவானா? கரண்டு அங்கதேன் போகுது." ஏசியைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்து பேசுகிற வீடு அது. மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் சத்தம் போடாமல்தான் கேட்டாள். "காய் பொறுக்குற வீட்டுல ஃபேன் போடுவாகளா? தூசியும் சொத்தக்காயும் பறந்து நல்ல காயோட கலந்துரும்ல. எங்கிட்ட ஃபிரிஜ்ஜு கெடையாது, டிவி கெடையாது. ரெண்டு லைட்டு மட்டுந்தேன். அந்த அண்ணந்தேன் மாட்டிவிட்டாரு. அவரக் கேளுங்க."

ஏலக்காய் பொறுக்கும் வீட்டில் ஃபேன் சுற்றாது என்பது போடியில் பிறந்த எவனுக்கும் தெரியும். சித்திரை வெயிலிலும் வேர்த்து ஒழுக ஒழுகத்தான் பொறுக்குவார்கள். வளவிலேயே குறைவாகக் கரண்டு எடுத்த வீடு அதுதான். மீட்டரை வாராவாரம் பார்த்தவன் நான், எனக்குத் தெரியாதா?

"சொல்லுங்க மாப்ளே," என்றார் மாமா. துண்டுக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

"பகல்லயும் லைட்டு எரியத்தேன் செய்யுது" என்றேன்.

பொய் இல்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதை நினைத்தால்தான் என் வாயை நானே பினாயில் ஊற்றிக் கழுவ வேண்டும் போல இருக்கிறது.

ஏழாம் வீட்டைப் பொது லைனிலிருந்து கழற்றுவது என்று முடிவானது. வெளியே ஆள் தேட வேண்டுமா என்ன, வளவிலேயே எலெக்ட்ரீஷியன் இருக்கிறான். மறுநாள் காலை நான்தான் ஸ்க்ரூ டிரைவரோடு போனேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே காய்ந்த வெயிலில் ஆறு வீடு குளிர்ந்துகொண்டிருக்க, அவள் வீட்டு வயரைப் பிடுங்கி டேப் சுற்றினேன். "பாத்துண்ணே, ஷாக் அடிச்சிறப் போகுது" என்றாள்.

கழற்றிய பிறகும் பேட்டரி நிரம்பவில்லை. எப்படி நிரம்பும்? ஆனால் அதைப் பற்றி எவனும் வாய் திறக்கவில்லை. மாமா பழையபடி யூனிட்டுக்குத் தன் ரேட்டைப் போட்டார். அவள் ஒரு லைட்டை அணைத்தாள். ஒற்றை லைட்டில் தரம் பிசகி, கடைக்காரன் ஒரு மூட்டையைத் திருப்பி அனுப்பினான்.

மாசி கடைசியில் மிளகு சீசன் முடிந்தது. மாமா சேலைகளை உருவி மடித்து எடுத்துப் போனார். அடுத்த நாளே பேட்டரி தளும்பியது. அஞ்சாம் வீட்டார் கூண்டுக்கு முன்னால் நின்று தொடையைத் தட்டினார். "பாத்தீகளா? ஏழாம் வீட்டக் கழட்டுனதுக்கு எப்படி ரொம்புது பாருங்க! அன்னைக்கே சொன்னேன்ல!" எல்லாரும் சிரித்தார்கள். என் முதுகில் தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டினேன். சீ, என்ன பிறவி நான்.

அடுத்த பில் நன்றாக இறங்கியது. அது வந்த வாரம்தான் அவள் வீட்டைக் காலி செய்தாள். எஸ்டேட்டில் வேலையாட்கள் குடியிருக்கும் பழைய லயத்திலேயே ஒரு அறை கிடைத்ததாம், மறுபடி காய் எடுக்கப் போகிறாளாம். ஜீப்பு தெருமுனையில் நின்றது. பாத்திர மூட்டையை ஏற்றிவிட்டு, முட்டியைப் பிடித்துப் பிடித்து நடந்து என் வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"இந்தாங்கண்ணே. மாடியிலருந்து உருண்டு உருண்டு என் வாசல்ல விழுந்தது. பெறக்கி வச்சேன். நான் கொண்டு குடுத்தா வீட்டுக்காரரு வேற மாதிரி நெனப்பாரு. நீங்க குடுத்துருங்க."

திறந்து பார்த்தேன். மிளகு. ஒரு காம்பு இல்லை, ஒரு கல் இல்லை, ஒரு பதர் இல்லை. கை சும்மா இருந்திருக்காது, அதையும் தரம் பிரித்திருக்கிறாள்.

"எப்பருந்து விழுகுது?"

"தையிலருந்துண்ணே."

"அப்ப உனக்குத் தெரியும். குழாயடியில சொல்லியிருக்கலாம்லத்தா."

"அவுக வீட்டுல குடியிருந்துக்கிட்டு நான் எப்படிண்ணே சொல்ல? அன்னைக்கு நீங்க மேல ஏறிப் பாத்துட்டு எறங்குனீகள்ல, வாசல்லதேன் நின்னேன். நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஜீப்புக்காரன் ஹாரன் அடித்தான். "வர்றேண்ணே" என்று போனாள். ஜீப்பின் பின்படி உயரம், இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

டப்பாவை மாமாவிடம் நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று பேச வேண்டும். அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டேன். மறுநாள் மனைவி எடுத்துப் பார்த்து, "எந்தக் கடையில வாங்குனீக? இம்புட்டுச் சுத்தமா இருக்கு" என்றாள். நான் பேப்பரை விரித்துக்கொண்டேன். அவளும் அதற்கு மேல் கேட்காமல் ஒரு கை அள்ளி மிக்ஸியில் போட்டு, அதிலேயே ரசம் வைத்தாள்.

ரசம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவையும் ஊற்றச் சொன்னேன்.